சீட்டுக்கு அடியில் வைத்த பொட்டு

அப்பாவுக்கு வாய் கிடையாது என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி ஏசினாலும் சரி, வீட்டில் அம்மா ஏசினாலும் சரி, ஓரமாக நின்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். "ஒங்கப்பனுக்கு நாக்கு வெக்க மறந்துட்டான் சாமி" என்பாள் அம்மா. பிறவியிலேயே அவர் அப்படி இல்லை. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்வரை அவரைப்போல ஒரு வாயாடியைப் பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் பார்க்க முடியாது. மனிதர்களோடு பேசித் தீர்ந்தால் ஜீப்போடு பேசுவார்.

அப்பா தோட்டத்து ஜீப்புக்கு டிரைவர். வெள்ளைக்காரத் துரை காலத்தில் வந்த பச்சை நிற வண்டி அது. மோட்டார் ரோடு போகாத இடத்துக்கெல்லாம் போகும். மேற்கணக்கு என்று நாங்கள் சொல்லும் மேல் பிரிவுக்கு, தேயிலைக்கு நடுவில் கல்லும் சேறுமாக ஒரு பழைய பாதை கிடந்தது. மாடுகூட யோசித்துத்தான் கால் வைக்கும். அதில் நாலு சக்கரத்தையும் இழுக்கவிட்டு, "ஏறுடி ராசாத்தி" என்று கதவில் தட்டிக் கொடுப்பார் அப்பா. அந்த ராசாத்தி அம்மாவுக்குப் பிடிக்காது. "கட்டுன பொண்டாட்டிய ஒரு நாளு அப்புடிக் கூப்புட்டிருப்பீங்களா?" என்று கேட்பாள். "நீ மேட்டுல ஏறுவியா?" என்பார் அவர். இந்தப் பேச்சைக் கேட்டு, லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த காம்பராவிலிருந்து அத்தை சிரிப்பாள்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் பழைய துரை சாமான்களைக் கட்டிக்கொண்டு போனார். புதிதாக வந்தவர் இரண்டு தோட்டங்களைப் பார்க்கவேண்டியிருந்ததால் எங்கள் பக்கம் எப்போதாவதுதான் வந்தார், அதுவும் தன் சொந்தக் காரில். ஜீப் பங்களாவுக்குக் கீழிருந்த தகரக் கொட்டகைக்குள் போய்விட்டது. சாவி பெரிய கிளாக்கரிடம். முதலில் வாரத்துக்கு ஒருமுறை சாவியை வாங்கி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துவிட்டு வருவார் அப்பா. பிறகு, "ஓடாத வண்டிக்கு எதுக்கு எண்ணெய்?" என்று கிளாக்கர் அதையும் நிறுத்திவிட்டார். பெற்றோலுக்கு மட்டுமல்ல, அரிசிக்கும் சீனிக்கும்கூடப் பஞ்சமான காலம். அவரையும் குறை சொல்ல முடியாது. அப்பாவைத் தேயிலை அரைத்துக் காய வைக்கும் ஸ்டோருக்கு விறகு பிளக்க அனுப்பினார்கள். பேருக்கு டிரைவர், கையில் கோடாலி.

அந்த வருடம் ஆயுத பூசை வந்தபோது ஜீப்புக்கும் பொட்டு வைத்தாகவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். கிளாக்கரும் சாமிக்குப் பயந்தவர், மறுக்கவில்லை. அம்மா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, என் பள்ளிக்கூட சிலேட்டு, அம்மிக்கல், அரிக்கன் லாம்பு என்று கையில் அகப்பட்டதற்கெல்லாம் பொட்டு விழும். அசையாமல் உட்கார்ந்திருந்தால் நமக்கும் விழும். அந்த வருடம் சந்தனம் கொஞ்சம்தான் கிடைத்தது. அம்மா யோசித்து, மரவள்ளி மாவைக் காய்ச்சி, மஞ்சள் போட்டு, அந்தச் சந்தனத்தையும் அதில் குழைத்து ஒரு சட்டி நிறையச் செய்துவிட்டாள். பசை மாதிரி இருந்தது. ஒட்டினால் உதிராது என்று அவளுக்கு ஒரே பெருமை.

ஜீப்பை அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். முன்பக்கம், பின்பக்கம், சக்கரம், சுக்கான், கியர் குமிழ் எல்லாம் ஆயிற்று. பிறகு டிரைவர் சீட்டையும் தூக்கினாள். அதன் அடியில்தான் பெற்றோல் டாங்கியின் மூடி இருந்தது. வட்டமான மூடி, நெற்றிக்கு வைப்பதுபோல் நட்டநடுவில் கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டு. அதன்மேல் மோதிரவிரலால் குங்குமம். "அங்கெல்லாம் யாரு பாக்கப்போறா மைனி?" என்று அத்தை சிரித்தாள். அத்தைக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு. வயிறு தள்ளிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் சிரிப்பு வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். "சாமி பாக்கும்" என்றாள் அம்மா. அத்தைக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்கவேண்டும், அப்பாவுக்குப் பழையபடி வண்டி கிடைக்கவேண்டும், இந்த இரண்டுக்கும்தான் அத்தனை பொட்டும்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவளுக்குப் பார்த்துப் பார்த்து, தோட்டத்தைவிட்டு வெளியே கொடுக்காமல், ஸ்டோரில் வேலை செய்த மாமாவுக்குக் கட்டிவைத்து, அடுத்த காம்பராவிலேயே குடிவைத்திருந்தார் அப்பா. பிறக்கப்போகும் பிள்ளை பல்லோடு பிறக்கும், எல்லோருக்கும் முன்னால் என்னைத்தான் கடிக்கும் என்று அத்தை சொல்லி வைத்திருந்தாள். நான் நம்பினேன்.

கார்த்திகை மழையில் அவளுக்கு நோவு கண்டது. நாள் கணக்காக விடாமல் பெய்து, ஸ்டோருக்குக் கீழே மண் சரிந்து மோட்டார் ரோட்டை மூடியிருந்தது. தோட்டத்து லொறி சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. டிஸ்பென்சரியிலிருந்து மருத்துவிச்சி குடையோடு வந்தாள். காலையில் பிள்ளை பிறந்துவிட்டது, ஆண் பிள்ளை. நான் ஓடிப்போய் வாயைப் பார்த்தேன், பல் இல்லை. ஆனால் நஞ்சுக்கொடி விழவில்லை, இரத்தமும் நிற்கவில்லை. மருத்துவிச்சி தன்னால் ஆனதையெல்லாம் செய்துபார்த்துவிட்டு, மத்தியானவாக்கில் வெளியே வந்து கையைக் கழுவினாள். "இனி எங்கையில இல்ல. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, சொணங்காதீங்க" என்றாள்.

மேற்கணக்கு வழியாகப் போனால் மலையைத் தாண்டிப் பசறை ரோட்டைப் பிடிக்கலாம். அந்தப் பாதையில் ஜீப் ஒன்றுதான் போகும். அப்பா கிளாக்கர் வீட்டுக்கு ஓடினார். கிளாக்கர் ஒரு வார்த்தை பேசாமல் சாவியை எடுத்துக் கொடுத்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

பேட்டரி செத்துக் கிடந்தது. ஆட்கள் கூடி வண்டியைக் கொட்டகையிலிருந்து சரிவில் தள்ளினார்கள். இரண்டு தரம் குலுங்கி, கரும்புகையைக் கக்கி, எஞ்சின் பிடித்துக்கொண்டது. எல்லோரும் கத்தினார்கள். "எங்க போயிருவா, எம் புள்ளைல்ல அது" என்று அப்பா சத்தமாகச் சொன்னார். பின்னால் மெத்தையைப் போட்டு அத்தையைக் கிடத்தி, தலையை அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தை பக்கத்துக் காம்பராக்காரியிடம். மாமாவும் இன்னும் சில ஆட்களும் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தேன். அந்த அவசரத்தில் யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை.

முதல் ஏற்றம் நன்றாகவே ஏறியது. கோயில் வளைவைத் தாண்டியதும் எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. அப்பா சீட்டைத் தூக்கி, டாங்கி மூடியைத் திருகித் திறந்து, குச்சி விட்டுப் பார்த்தார். பெற்றோல் இருந்தது. மூடியை இறுக்கிவிட்டு எஞ்சின் பக்கம் போனார். இத்தனை நாள் சும்மா கிடந்த வண்டி. பழைய பெற்றோல் கசடாகி அடைத்திருக்கும் என்றார். பம்புக்குக் கீழிருந்த கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றித் தன் சாரத்தில் துடைத்து மாட்டினார். இரும்பு ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். பிடித்துக்கொண்டது. "கசடுதான்" என்றார், நிம்மதியாக.

கொஞ்ச தூரம் ஓடி மறுபடி நின்றது. மறுபடி சீட்டைத் தூக்கினார், மூடியைத் திறந்தார், குச்சியால் பார்த்தார், மூடினார். இந்தத் தடவை குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். பெற்றோல் வாய்க்குள் போய்த் துப்பினார். சுற்றினார், ஓடியது. குழாயில்தான் அடைப்பு என்று முடிவு செய்தார். அடுத்து நின்றபோது பிளக்குகளைக் கழற்றித் தேய்த்தார், அதற்கும் ஓடியது. அதற்கடுத்து காபரேட்டர். என்ன செய்தாலும் ஓடியது, என்ன செய்தாலும் கொஞ்சம் போய் நின்றது.

ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. அப்பாவுக்குக் கேட்டிருக்காது. கேன்வஸ் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது, பின்னால் அத்தை முனகிக்கொண்டிருந்தாள். நான் மூடிக்குப் பக்கத்திலேயே குனிந்து உட்கார்ந்திருந்ததால் எனக்குக் கேட்டது. ஜீப் களைத்துப்போய் மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது. மூடியின் நடுவில் அம்மா வைத்த பொட்டு அப்படியே இருந்தது. வண்டி முழுக்கப் பொட்டு, அதில் இதுவும் ஒன்று.

"அண்ணே" என்று அத்தை ஒருமுறை கூப்பிட்டாள். "இந்தா போயிருவோம் தங்கச்சி, இந்தா போயிருவோம்" என்றார் அப்பா, ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டே. "ஒங்க ராசாத்தி கோவிச்சுக்கிட்டா போல" என்று அத்தை சொன்னாள். சிரிக்கக்கூடப் பார்த்தாள். அம்மா அவள் வாயைப் பொத்தி, "பேசாத புள்ள" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். மெத்தை சிவப்பாக இருந்தது. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

மலை உச்சியில், கீழே பசறை ரோடு தெரியும் இடத்தில், கடைசியாக நின்றது. டாங்கியில் பெற்றோல் இருப்பதுதான் தெரிந்த விசயமாயிற்றே என்று இந்தத் தடவை அப்பா சீட்டைத் தூக்கவில்லை. நேரே எஞ்சினுக்குப் போனார். கிண்ணம், குழாய், பிளக், காபரேட்டர் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார். சுற்றினார். ஓடவில்லை. சுற்றிச் சுற்றி ஹேண்டில் வழுக்கி அவர் கையைக் கிழித்தது. அதோடும் சுற்றினார். வண்டியைக் காலால் உதைத்தார். பிறகு அதன் முகப்பில் நெற்றியை வைத்துக்கொண்டு, "ஏறுடி, ஏறுடி தாயி" என்று கெஞ்சினார். அப்பா கெஞ்சி அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

மாமாதான் முதலில் நிதானத்துக்கு வந்தார். "விடுங்க மச்சான். தூக்கிருவோம்" என்றார். கம்பளியைத் தடியில் கட்டித் தூளியாக்கி, ஆட்கள் மாறி மாறிச் சுமந்துகொண்டு சேற்றில் இறங்கினார்கள். என்னை ஒரு ஆள் லயத்துக்குத் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார். ரோட்டில் ஒரு மரக்கறி லொறி கிடைத்து அவர்கள் பதுளைக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்றும், அத்தை லொறியிலேயே கண்ணை மூடிவிட்டாள் என்றும் மறுநாள் தெரிந்தது. "கொஞ்சம் முந்திக் கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்" என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னார்களாம். அந்தக் 'கொஞ்சம் முந்தி' லயம் முழுக்கப் பரவியது. ஆரம்பத்திலேயே தூக்கிக்கொண்டு நடந்திருந்தால் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். உண்மைதான். டிரைவரின் வீம்புக்கு ஒரு உசிரு போய்விட்டது என்றும் பேசினார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள், மலையில் நிற்கும் ஜீப்பைக் கொண்டுவரச் சொல்லிக் கிளாக்கர் ஆள் அனுப்பினார். அப்பா எழுந்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "நீயும் போ. அப்பன விட்டு நகராத" என்றாள். எனக்குச் சலிப்பாக இருந்தது. அந்த மலைக்கு அந்தப் பக்கம் செங்குத்தான பள்ளம் என்பதும், அம்மா எதற்குப் பயந்தாள் என்பதும் பின்னாளில்தான் விளங்கின.

அன்று மழை விட்டிருந்தது. காற்றுக்கூட இல்லை. அப்பா எனக்கு முன்னால் மலை ஏறினார். ஜீப்புக்கு வந்ததும் பின்னால் கிடந்த மெத்தையைப் பார்க்காமல், முன்பக்கம் ஏறி, சீட்டைத் தூக்கி, பழக்கத்தில் மூடியைத் திருகினார். உஸ்ஸென்றது.

அப்பா அப்படியே நின்றார். மூடியை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒன் ஊக்கக் குடு" என்றார். என் கவுனில் பொத்தான் போன இடத்தில் அம்மா ஒரு ஊக்குக் குத்தியிருந்தாள். கழற்றிக் கொடுத்தேன். மூடியின் நடுவில், பொட்டு இருந்த இடத்தில், ஊக்கின் முனையால் குத்திக் குடைந்தார். காய்ந்த மஞ்சள் துணுக்கு ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. ஒரு மிளகளவுகூட இருக்காது. மூடியில் ஊசித் துவாரம் ஒன்று தெரிந்தது. அதில் வாய் வைத்து ஊதினார், காற்றுப் போனது. அந்தத் துணுக்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் உடம்பு குலுங்கியது. நான் "அப்பா" என்றேன். உள்ளங்கையை மூடிக்கொண்டார். வளைந்துபோன ஊக்கைத் தேயிலைக்குள் வீசி எறிந்தார்.

ஹேண்டிலை ஒரு சுற்றுச் சுற்றியதும் வண்டி ஓடியது. நிற்கவே இல்லை. ஓடை வந்ததும் அப்பாவே நிறுத்தி, மெத்தையை எடுத்து எறிந்துவிட்டு, வண்டியிலிருந்த பொட்டு ஒவ்வொன்றையும் சேற்றுமண் போட்டுத் தேய்த்துக் கழுவினார். கதவு, சக்கரம், சுக்கான், ஒன்றையும் விடவில்லை. பிறகு லயத்து வழியாக ஓட்டிவந்தோம். ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். தேவைப்பட்டபோது நின்ற வண்டி இப்போது பாட்டுப் பாடிக்கொண்டு வருவதை யாரால் பொறுக்க முடியும்? மாமா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பிறகு அவர் அப்பாவோடு பேசவில்லை. இந்தியாவுக்குப் போகும் ஆட்களோடு கப்பலேறியபோதுகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். அம்மா அவனைத் தன் பிள்ளையாகவே வளர்த்தாள். அவனுக்குக் காய்ச்சல் வந்தால், விழுந்து அடிபட்டால், எதற்கும் அப்பாவுக்குத்தான் ஏச்சு. "ஒரு வண்டிய ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாத மனுசன். தெரிஞ்சிருந்தா இது ஆத்தா இல்லாத புள்ளையா நிக்குமா?" அப்பா ஓரமாக நிற்பார். ஆயுத பூசை அன்று மட்டும் எங்கேயாவது போய்விடுவார். சாமியை வெறுத்துவிட்டார் என்று ஊர் சொன்னது.

அப்பா போய்ச் சேர்ந்து பல வருடங்களுக்குப் பிறகு, நானும் என் வீட்டுக்காரரும் பெரகல சந்திக்கு மேலே மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். வண்டி ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. சந்தியில் பட்டறை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் டாங்கி மூடியைத் திறந்தார். உஸ்ஸென்றது. குளவி மண்ணால் அடைத்திருந்த சிறு துவாரத்தை ஒரு கம்பியால் குத்திவிட்டு, "இதுக்குள்ள காத்துப் போனாத்தான் பெற்றோல் எறங்கும். இது அடைச்சா கொஞ்சம் ஓடி நிக்கும். மூடியத் தொறந்து மூடினா மறுவா ஓடும். நாம வேற எங்கயோ தேடிக்கிட்டிருப்பம்" என்றார் சிரித்துக்கொண்டு. நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் அழுகிறாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். கண்ணில் புகை என்றேன்.

அம்மா இப்போதும் இருக்கிறாள், அத்தை மகன் வீட்டில். அவனுடைய ஆட்டோவுக்கு வருடாவருடம் சட்டி நிறையச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைக்கிறாள். அப்பாவைப் பற்றிச் சொல்வதையும் விடவில்லை. பூசை முடிந்ததும் நான் பின்னால் போய் டாங்கி மூடியை மட்டும் முந்தானையால் துடைத்துவிட்டு வருவேன். அவளிடம் சொன்னதில்லை.

ஜீப்பைக் கொண்டுவந்த அன்று சாயங்காலம், அம்மா துணியைப் பாலில் நனைத்துப் பிள்ளையின் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள். "இன்னிக்கு மட்டும் எப்புடி ஓடுது? அன்னிக்கி என்னதான் வந்துச்சு அதுக்கு? வாயத் தொறந்து சொல்லுங்க."

அப்பா பிள்ளையைப் பார்த்தார். பால் சொட்டும் அவள் கட்டைவிரலைப் பார்த்தார். "தெரியல புள்ள" என்றார்.

அவருக்குத் தெரியாமலென்ன, நானே பார்த்தேனே என்று, "அப்பா என் ஊக்க வாங்கி..." என்று ஆரம்பித்தேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பேச்சு நின்றுவிட்டது. நல்ல ஊக்கு ஒன்றை வளைத்துத் தேயிலைக்குள் எறிந்துவிட்டார் அல்லவா, அம்மாவுக்குத் தெரிந்தால் அதற்கும் சேர்த்து ஏசுவாளே என்று பயப்படுகிறார் என்று எனக்குப் பட்டது. அப்பாவைக் காப்பாற்றவேண்டும் என்று தோன்றியது. ஊக்கு விளையாடும்போது விழுந்துவிட்டது என்று சொன்னேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். எனக்கு வலிக்கவே இல்லை. ஒரு ஊக்குக்காகத்தானே அப்பா இவ்வளவு பயந்துபோயிருக்கிறார், அதை நான் சமாளித்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தது.